எண்ணெய் டின்ல ராக்கெட் அடுப்பு செஞ்சேன், ராக்கெட்டும் இல்ல அடுப்பும் இல்ல, வெறும் புகைதான் வருது

தண்டையார்பேட்ட_பையன்

வணக்கம் மக்களே. போன சனிக்கெழம நாங்க அஞ்சு பேரு மீஞ்சூர் தாண்டி ஒரு ஃப்ரெண்டோட சவுக்குத் தோப்புல டென்ட் போட்டு நைட் தங்குனோம். கேஸ் ஸ்டவ்லாம் வேணாம், நானே ராக்கெட் அடுப்பு (எல் ஷேப் பைப்புக்குள்ள குச்சி எரிச்சு சமைக்கிற வெறகு அடுப்பு) செஞ்சு எடுத்தாறேன்னு ரெண்டு வாரமா சீன் போட்டுட்டு, மளிகக்கடைல 15 கிலோ எண்ணெய் டின்னு ஒன்னு வாங்கி, காயலான் கடைல கெடச்ச 4 இன்ச் தகர பைப்ப எல் ஷேப்ல உள்ள வச்சு, சுத்தி காலியா இருக்கேன்னு மணல் ரொப்பிட்டேன். வீடியோல பாத்தா உர்ருனு சத்தத்தோட எரியுது. நம்மளுது மொதல்ல தூக்கவே ரெண்டு ஆளு வேணும், வீட்டு தராசுல போட்டா 24 கிலோ. சங்கரா மீன் கொழம்பு கொதிக்க ஒரு மணி நேரம் ஆச்சு, புகைல எல்லாரும் அழுதுட்டோம், கடைசில ஒருத்தன் வண்டி எடுத்துனு போயி பரோட்டா வாங்கினு வந்தான். இன்னிவரைக்கும் குரூப்ல என்ன "விஞ்ஞானி"ன்றானுங்க. எங்க தப்பு பண்ணேன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஈயம்பித்தளை

மணல் ரொப்புனா அது அடுப்பு இல்ல தம்பி, பங்கர். ஹஹா. போட்டோ போடு, சிரிச்சிட்டு சொல்றேன்.

மணலி_லேகிங்

தம்பி, நான் பாய்லர் லைனுக்கு இன்சுலேஷன் சுத்துற வேலைல 18 வருஷமா இருக்கேன், அதனால இது நம்ம ஏரியா. உன் தப்பு மணல்தான். மணல் சூட்ட தடுக்காது, குடிக்கும். 20 கிலோ மணல சூடாக்கிட்டு அப்புறம் மிச்சம் மீதிதான் உன் கொழம்புக்கு போவுது.

கொஞ்சம் வெளக்கமா சொல்றேன். கட்டைய சூடு பண்ணா மொதல்ல அதுலேந்து ஒரு கேஸ் வரும், எரியுறது அந்த கேஸ்தான். அது முழுசா எரியணும்னா உள்ள 600 டிகிரிக்கு மேல சூடு நிக்கணும். நிக்கலன்னா எரியாம வெளிய வருது, அதத்தான் நாம புகைன்றோம். அதாவது புகைன்றது எரியாம வீணாப்போன வெறகு. இப்ப உன் பைப்ப ஒட்டி மணல் இருக்கு, உள்ள உண்டாவுற சூட்ட அது அப்பப்போ உறிஞ்சினே இருக்கு, உள்ள 600 டிகிரி நிக்கவே வழி இல்ல.

இந்த அடுப்ப ஒழுங்குபடுத்தி சொன்னவரு லாரி வினியார்ஸ்கினு ஒரு அமெரிக்க எஞ்சினியர், 1980கள்ல, ஓரிகான்ல அப்ரோவெச்சோன்ற ஆராய்ச்சி மையத்துல. அவரு வெறகு அடுப்புக்கு பத்து விதி எழுதி வச்சிருக்காரு, அதுல மொத விதியே தீய சுத்தி எடை கம்மியான, சூடு தாங்குற பொருள வையின்றதுதான். எடை கம்மின்னா உள்ள நெறைய காத்து அடைபட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த காத்துதான் சூட்ட தடுக்குது. கையில தூக்கி பாரு, கனமா இருந்தா அது அடுப்புக்கு ஆகாது. அவ்ளோதான் டெஸ்ட்.

ராயபுரம்_ராவடி

இன்னா சார் நீங்க, எங்க ஆயா மண்ணு அடுப்புலதான் நாப்பது வருசம் ஆக்கி போட்டுச்சு, அதுவும் கனமாத்தான் கீது, அது இன்னா வேகலயா? வெள்ளக்காரன் சொன்னா ஒடனே விதின்றீங்க.

மணலி_லேகிங்

வேகும் அண்ணே, யாரு இல்லன்னா. ஆயா காலைல பத்த வச்சா டீ, இட்லி, சோறு, கொழம்பு, வெந்நீருனு அது அணையவே அணையாது. மண்ணு ஒருதடவ சூடாயிட்டா நாளெல்லாம் அந்த சூடு ஒதவும். இங்க தம்பி தோப்புல எறங்கி முக்கா மணி நேரத்துல ஒரு கொழம்பு, ஒரு சோறு ஆக்கிட்டு அணைக்க போறான். அவன் மண்ண சூடாக்கி முடிக்கும்போது சாப்பாடே முடிஞ்சுடும்.

கொருக்குப்பேட்டை_அக்கா

நானும் உள்ள வரலாமா? நீங்க இத ஏதோ புதுசு மாதிரி பேசுறீங்க, எனக்கு பாத்தவுடனே எங்க அம்மா வீட்டு மரத்தூள் அடுப்புதான் ஞாபகம் வந்துது. எங்க தெருவுல பாதி வீட்ல அதான். வால்டாக்ஸ் ரோடு மரக்கடைங்க பக்கத்துலேந்து சாக்குல மரத்தூள் வரும், தகர அடுப்பு நடுவுல ஒரு பாட்டில நட்டு வச்சிட்டு, கீழ் ஓட்டைல ஒரு உருட்டுக்கட்டைய சொருகிட்டு, சுத்தி தூள போட்டு போட்டு கையால இடிக்கணும். நல்லா கெட்டியானதும் பாட்டில மெதுவா திருவி மேல எடுத்துட்டு கட்டைய உருவுனா உள்ள எல் மாதிரி ஒரு வழி நிக்கும் பாருங்க, அதுக்குள்ள பேப்பர் கொளுத்தி போட்டா பத்திக்கும், ரெண்டு மூணு மணி நேரம் ஆளே பாக்க வேணாம். சரியா இடிக்கலனா பாதில பொலபொலன்னு சரிஞ்சு ஒரே புகை, அம்மாகிட்ட நல்லா வாங்கியிருக்கேன். இடிக்கிற வேல என்னுதுதான்.

அதுல தீய சுத்தி இருந்தது லேசான மரத்தூள், அதுவே வெறகு அதுவே காப்பு. இப்ப சார் சொல்றத படிக்கும்போதுதான் அது ஏன் அப்படி எரிஞ்சுதுன்னு புரியுது.

மணலி_லேகிங்

அக்கா சூப்பர், இதவிட நல்லா நான் சொல்லி இருக்க முடியாது.

மூலக்கடை_வெல்டர்

எல்லாரும் மணலயே புடிச்சு தொங்குறீங்க, நான் வேற ஒன்னு கேக்குறேன். தம்பி அந்த பைப் என்ன பைப்? உள்ள வெள்ளையா பவுடர் மாதிரி படிஞ்சிருக்கா?

தண்டையார்பேட்ட_பையன்

ஆமாண்ணே படிஞ்சிருக்கு, லைட்டா மஞ்ச கலந்த வெள்ள. ஏதோ பழைய ஏசி டக்ட்ல வெட்டுனதுன்னாரு கடைக்காரரு. சாம்பல்னு நெனச்சேன்.

மூலக்கடை_வெல்டர்

நெனச்சேன். அது ஜிஐ தகரம், மேல துத்தநாகம் பூசுனது. துத்தநாகம் 420 டிகிரி கிட்ட உருகிடும், 900 கிட்ட ஆவியாவே போயிடும், ராக்கெட் அடுப்பு வாயில அந்த சூடு சாதாரணமா வரும். அந்த ஆவிய இழுத்தா அன்னிக்கு நைட்டே குளிர் ஜொரம், ஒடம்பு வலி, வாயில ஒரு மாதிரி இனிப்பும் இரும்பும் கலந்த ருசி. எங்க லைன்ல எல்லாரும் ஒருதடவ பட்டிருப்பாங்க, நான் 2009ல ஒரு கேட் வேலைல மூடுன ரூமுல அடிச்சிட்டு ரெண்டு நாள் போர்வைய விட்டு எழுந்திரிக்கல. உன் அடுப்பு சரியா எரியாததால நீ தப்பிச்ச, நெசமா. அந்த பைப்ப தூக்கி போட்டுடு. பால் பவுடர் டப்பாவ அடி வெட்டி ஒன்னுக்குள்ள ஒன்னு சொருகு, போதும் ஆரம்பத்துக்கு. பெயின்ட் டப்பான்னா மொதல்ல வெளிய நல்லா தீ போட்டு பெயின்ட்ட எரிச்சுட்டு எடு. கூல்ட்ரிங்ஸ் கேன் வேணவே வேணாம், அலுமினியம் 660 டிகிரில ஒழுவிடும்.

ஈயம்பித்தளை

நம்ம காயலான் கடைல ஜிஐ கேட்டா ஜிஐன்னு சொல்லித்தான் குடுப்போம், எவன் குடுத்தான்னு தெரில. ப்ரோ சுத்தி ரொப்ப ஒரு ஐடியா, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒடஞ்சது தெருத்தெருவா கெடக்கு, இடிச்சு போட்டா சூடு நிக்கும்ல?

மணலி_லேகிங்

ஐயா சாமி வேணாம். இடிக்கவே கூடாது, அந்த தூசி நொரையீரல்ல போனா திரும்பி வராது, புற்றுநோய் இருவது முப்பது வருஷம் கழிச்சு வரும். எங்க சீனியருங்க சில பேரு பழைய லைன்ல ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வெறுங்கையால சுத்துனவங்க, அவங்க இருமுறத கேட்டவன் இத வெளையாட்டுக்கும் சொல்ல மாட்டான். ஷீட்ட தொடாத.

சாம்பல் போதும். வீட்ல, டீக்கடைல கெடைக்குற வெறகு சாம்பல சலிச்சு போடு. இல்ல மாடித்தோட்டம் வைக்கிறவங்க வாங்குற பெர்லைட், வெர்மிகுலைட் நர்சரில கெடைக்கும், அது இன்னும் லேசு.

செங்குன்றம்காரன்

உமிச்சாம்பல் வேணுமா? எங்க ஊர்ல அரிசி மில்லு எத்தன இருக்குன்னு உங்களுக்கே தெரியும், பாய்லருக்கு உமி போட்டு எரிச்சு சாம்பல் மலையா குமிஞ்சு கெடக்கும், கேட்டா சாக்குல அள்ளினு போன்னுதான் சொல்லுவாங்க. தூக்குனா பஞ்சு மாதிரி இருக்கும். ஆனா ரொப்பும்போது மூக்குல துணி கட்டிக்கோங்க, அதுல சிலிக்கா ஜாஸ்தி, மில்லுல வேல செய்றவங்களுக்கே அது ஆகாது. டின்னு மூடிய கரெக்டா அடைங்க இல்லனா வண்டில போற வழி பூரா ஒரே சாம்பலா பறக்கும், ஒருதடவ எனக்கு பின்னாடி வந்த பஸ் டிரைவரு திட்டுனது இன்னும் காதுல கேக்குது.

எண்ணூர்_தூண்டில்

நான் ரெண்டு வருஷமா இந்த அடுப்பு வச்சிருக்கேன், மீன் புடிக்க போறப்பலாம் கூடவே வரும். மத்தவங்க சொல்லாத ஒன்னு ரெண்டு சொல்றேன். வெறக எப்படி வச்சீங்க? பைப்போட தரைல அப்படியே அடைச்சு வச்சிருப்பீங்க, சரியா? கீழேந்து காத்து போவ வழி இல்லனா அது எரியாது. வாய்க்குள்ள ஒரு தகரத்த தட்டு மாதிரி குறுக்க வைங்க, மூணுல ஒரு பங்கு எடம் கீழ காத்துக்கு, மேல ரெண்டு பங்கு வெறகுக்கு. காத்து அடில போயி தணல் வழியா சூடாயி மேல ஏறும். வெறகு வெரல் தடிமன்தான், பெரிய கட்டைய சொருகாதீங்க. நுனி மட்டும்தான் எரியணும், எரிய எரிய உள்ள தள்ளினே இருக்கணும். நாலு குச்சி போட்டா ஃபுல்லு, ரெண்டு போட்டா மீடியம், ஒன்னு சிம்மு. கேஸ் ஸ்டவ் திருகு மாதிரிதான்.

அப்புறம் எந்த வெறகு வேணாம்னு சொல்றேன். மொதல்ல பழைய போட்டுக் கட்டை, அதாவது படகு மரம். காசிமேட்டுல ஒடச்ச போட்டுக் கட்டை சீப்பா கெடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, அதுமேல எத்தன கோட்டு பெயின்ட்டுன்னு அதுக்கே தெரியாது. கடல்ல மெதந்து ஒதுங்குன கட்டையும் வேணாம், உப்பு ஊறி இருக்கும், புகையும் கெட்டது, டின்னும் சீக்கிரம் துரு புடிச்சு ஓட்ட ஆயிடும்.

மூலக்கடை_வெல்டர்

அதோட பேலட் கட்டையும், அதாவது சரக்கு அடுக்கி அனுப்புற மரப் பலகையையும், வேணாம்ன்ற லிஸ்டுல சேத்துக்கங்க. மாதவரம், மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுலேந்து வர்ற பேலட்ட எல்லாரும் அடுப்புக்கு வாங்குறாங்க. அதுமேல முத்திரை குத்தியிருக்கும், கோதுமைக்கதிர் படம் போட்டு. எச்டி (HT)ன்னு இருந்தா வெறும் சூட்டுல வச்சு பூச்சி கொன்னது, பரவால்ல. எம்பி (MB)ன்னு இருந்தா மெத்தில் ப்ரோமைடுன்ற விஷப் புகை போட்டது, அத எரிக்காதீங்க. முத்திரையே இல்லனா என்னன்னு தெரியாது, விட்டுடுங்க. சவுக்கு மெலாறு (மெல்லிசான சவுக்குக் குச்சி) இருக்கும்போது இந்த வம்பு எதுக்கு.

ராயபுரம்_ராவடி

சவுக்கு மெலாறு, கொட்டாங்குச்சி, தென்ன மட்ட. இத விட்டா வேற எதுவும் வேணாம், இந்த ஒரு மேட்டருல மட்டும் நான் உங்க கட்சி.

கொருக்குப்பேட்டை_அக்கா

தம்பி ஒன்னு கேக்குறேன் கோச்சுக்காத. சவுக்குத் தோப்புல, கீழ மெத்த மாதிரி காஞ்ச ஊசி இல கெடக்குமே, அதுலயா அடுப்பு வச்சீங்க?

தண்டையார்பேட்ட_பையன்

ஓரமாத்தான் அக்கா... கொஞ்சம் கூட்டிட்டுதான் வச்சோம்.

கொருக்குப்பேட்டை_அக்கா

கொஞ்சம்லாம் பத்தாது கண்ணு. 2018 மார்ச்ல குரங்கணி மலைல ட்ரெக்கிங் போன புள்ளைங்க காட்டுத்தீல மாட்டுனது மறந்துட்டியா. சுத்தி பத்தடிக்கு வெறும் மண்ணு தெரியுற வரைக்கும் கூட்டு, பக்கத்துல ரெண்டு கொடம் தண்ணி வையி. காத்து அடிச்சா பத்த வைக்காத. மலைக்காட்டுல, ஃபாரஸ்ட் எடத்துல இத எடுத்துனே போவாத, அங்க நெருப்பு போடறதே தப்பு.

எண்ணூர்_தூண்டில்

அக்கா சொல்றது சரி. காத்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது, நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல கடல் காத்து ஏறும், அடுப்பு வாய அதுக்கு நேரா வச்சா தீ கட்டுக்கடங்காம மேல பாயும், முதுக காட்டி வச்சா வாய் வழியா உங்க மூஞ்சிக்கே வரும். பக்கவாட்டுல வச்சு ஒரு தடுப்பு வைங்க. டென்டுக்குள்ள மட்டும் எக்காரணம் கொண்டும் வேணாம், மழை பேஞ்சாலும் சரி. புகை இல்லன்றதால கார்பன் மோனாக்சைடுன்ற விஷ வாயு இல்லன்னு ஆயிடாது, அது கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது.

மணலி_லேகிங்

இன்னொரு கணக்கு பாக்கி. தம்பி நீ பாத்திரத்த பைப்பு வாய் மேலயே ஒக்கார வச்சியா?

தண்டையார்பேட்ட_பையன்

ஆமா, மூணு போல்ட் வச்சேன், அரை இன்ச் கூட இருக்காது.

மணலி_லேகிங்

அப்ப அதுவும் சேந்து அடைச்சிருக்கு. பைப்புல ஏறி வர்ற சூடு காத்து எந்த எடத்துலயும் நெருக்கப்படக் கூடாது, போற வழி பூரா ஒரே பரப்பு இருக்கணும். 10 சென்டிமீட்டர் பைப்புக்கு பரப்பு 78 சதுர சென்டிமீட்டர் சொச்சம், அது வாயோட விளிம்ப தாண்டும்போதும் அதே அளவு எடம் வேணும்னா பாத்திரத்துக்கும் வாய்க்கும் நடுவுல விட்டத்துல கால் பங்கு, அதாவது 2.5 சென்டிமீட்டர் இடைவெளி. அப்புறம் பாத்திரத்தோட ஓரத்துல, 25 சென்டிமீட்டர் அகல சட்டின்னா சுத்தளவு பெருசாயிடுதுல்ல, அங்க 1 சென்டிமீட்டர் போதும். அதனால சட்டிய சுத்தி 1 சென்டிமீட்டர் விட்டு ஒரு தகரப் பட்டைய வளைச்சு நிக்க வையி. வெளிய ஓடிப்போற சூடு பாத்திரத்தோட பக்கத்த தடவினே மேல போவும்.

உன் டின்னு ஒசரம் 35 சென்டிமீட்டர் இருக்கும். அடில 5 சென்டிமீட்டர் சாம்பல் போட்டு அதுமேல பைப்ப வச்சா மிச்சம் 30. பைப்பு அகலத்துல மூணு மடங்கு ஒசரம், சொல்லி வச்ச மாதிரி கரெக்டா வரும். எண்ணெய் டின்னு செஞ்சவன் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

ஈயம்பித்தளை

பாத்திரத்துக்கு பாவாட கட்ட சொல்றாரு நம்ம சாரு.

ராயபுரம்_ராவடி

ஆயா அடுப்புக்கு பாவாட கெடயாது. சோறு சோக்கா இருந்துச்சு.

தண்டையார்பேட்ட_பையன்

(9 நாள் கழிச்சு)

மக்களே ரிசல்ட் வந்துடுச்சு. ஞாயித்துக்கெழம செங்குன்றம் போயி அண்ணன் சொன்ன மாதிரி ஒரு சாக்கு உமிச்சாம்பல் எடுத்துனு வந்தேன், பால் பவுடர் டப்பா மூணு பக்கத்து வீட்ல குழந்த இருக்கு அங்க கேட்டு வாங்குனேன். தகரம் வெட்டுறதுல ரெண்டு எடத்துல கை கிழிச்சு ஒரு டிடி ஊசி, அது என் தப்பு, வெல்டர் அண்ணன் கிளவுஸ் போட சொல்லிருந்தா போட்டிருப்பேன் (சும்மா சொன்னேண்ணே).

மொத்தம் 6 கிலோதான் வருது, ஒத்த கையில தூக்குறேன். மொட்டமாடில வச்சு டெஸ்ட் பண்ணேன், பழைய மணல் அடுப்பையும் பைப்ப மட்டும் மாத்திட்டு அதே நாள்ல எரிச்சேன், ஒரே அலுமினிய சட்டி, ஒரே சவுக்கு மெலாறு, 2 லிட்டர் பைப்புத் தண்ணி. தங்கச்சிய ஸ்டாப்வாட்ச் புடிக்க சொல்லி கிச்சன் தராசுல வெறக எடை போட்டேன். மணல் அடுப்பு 31 நிமிஷம், 620 கிராம். சாம்பல் அடுப்பு 14 நிமிஷம், 260 கிராம். அப்புறம் பாவாட கட்டுனேன், 10 நிமிஷம், 190 கிராம்!!! நானே நம்பல, பாவாட மட்டும் திரும்ப ஒருதடவ செஞ்சு பாத்தேன், 11 நிமிஷம் 200 கிராம் வந்துது. உர்ருன்னு சத்தம் வந்துது பாருங்க, எங்க அம்மா கீழேந்து ஓடி வந்துட்டாங்க என்னமோ வெடிக்க போவுதுன்னு.

புகை பத்த வைக்கிற மொத ரெண்டு நிமிஷம்தான். அதுக்கும் எதிர் வீட்டுக்காரரு துணி காயுதுன்னு சத்தம் போட்டாரு, அது தனி கதை.

மணலி_லேகிங்

அருமை தம்பி. எடை போட்டு பாத்த பாரு, அதான் வேல. முக்காவாசி பேரு "நல்லா எரியுது"ன்னு வீடியோ போடுறதோட சரி. 2 லிட்டர 29 டிகிரிலேந்து கொதிக்க வைக்க 594 கிலோஜூல் வேணும், 190 கிராம் சவுக்குல ஏறக்கொறைய 3000 இருக்கு, அப்ப அஞ்சுல ஒரு பங்கு தண்ணிக்கு போயிருக்கு, அதுவும் அடுப்பு ஜில்லுன்னு இருக்கும்போது பத்த வச்சு. மணல் அடுப்புல பதினாறுல ஒரு பங்கு கூட போல.

ராயபுரம்_ராவடி

சரி சரி, ஒத்துக்குறேன். இப்ப கேக்குறேன், இதுல பிரியாணி தம் போட முடியுமா? அத சொல்லு மொதல்ல.

எண்ணூர்_தூண்டில்

அங்கதான் இது ஒதைக்கும் அண்ணே, நேர்மையா சொல்றேன். கொதிக்க வைக்க, வறுக்க, பொறிக்க இது ராஜா. தம்முக்கு வேணுங்கிறது மெதுவான தணல், இதுல தணலே நிக்காது, குச்சிய வெளிய இழுத்தா அடுப்பே ஆறிடும். நான் ஒரு குச்சி மட்டும் வச்சு நடுவுல கனமான தோசக்கல் போட்டு அதுமேல சட்டி வச்சு ட்ரை பண்ணேன், ஓரளவு ஓகே, ஒருதடவ அடி புடிச்சுது. தம்முக்கு ஆயா அடுப்புதான்.

ராயபுரம்_ராவடி

அப்டி சொல்லு. ஆயா ஆயாதான்.

கொருக்குப்பேட்டை_அக்கா

எனக்கு ஒரு சந்தேகம். ஆடி மாசம் எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துவோம், எரநூறு பேருக்கு பெரிய அண்டா, ரோட்டுல செங்கல்லு வச்சு காலைல நாலு மணிக்கே பத்த வைப்போம். வெறகு ஒரு வண்டி ஆவுது, கிண்டுற பொம்பளைங்க கண்ணெல்லாம் செவந்துடும். இத பெருசா செஞ்சா ஒத்து வருமா?

மூலக்கடை_வெல்டர்

வரும் அக்கா, ஆனா டின்னுல இல்ல. அண்டாவோட வெயிட்ட அடுப்பு தாங்கக் கூடாது, தனியா ஆங்கிள்ல ஸ்டேண்ட் அடிச்சு அதுல அண்டா ஒக்காரணும், அடுப்பு அதுக்கு கீழ தனியா நிக்கும். கூழு கிண்டும்போது ஆட்டுவீங்கல்ல, சரிஞ்சா என்ன ஆவும். பைப்பு 8 இன்ச்சாவது வேணும், அப்படின்னா ஒசரம் ரெண்டு அடி, பெரிய டிரம்மு ஒன்னு. ஹாலோ பிளாக், சிமென்ட் கல்லு மட்டும் தீக்கிட்ட வைக்க விடாதீங்க, போன வருஷம் எங்க பக்கம் ஒரு விசேஷத்துல சிமென்ட் கல்லு படார்னு ஒடஞ்சு ஒருத்தர் கால்ல தெறிச்சுது. ஈரமான கல்லுன்னா செங்கல்லே கூட வெடிக்கும். டிரம்மு, ஆங்கிள் நீங்க வாங்கி குடுங்க, கூலி வேணாம், அம்மனுக்கு செஞ்சதா இருக்கட்டும்.

கொருக்குப்பேட்டை_அக்கா

நல்லா இருப்பா. டிரம்முல முன்ன என்ன கெமிக்கல் இருந்துச்சுன்னு பாத்துதான வாங்கணும்?

மூலக்கடை_வெல்டர்

கண்டிப்பா. அத வாங்க நானும் கூட வரேன். தீப்புடிக்குற சரக்கு இருந்த டிரம்ம தெரியாம வெட்டுனா வெட்டுறப்பவே வெடிக்கும்.

தண்டையார்பேட்ட_பையன்

கடைசி அப்டேட். நேத்து திரும்ப அதே தோப்பு, அதே அஞ்சு பேரு. அக்கா சொன்ன மாதிரி பத்தடிக்கு கூட்டி, தண்ணி வச்சுட்டுதான் பத்த வச்சேன். சோறு, நண்டு கொழம்பு, வஞ்சிரம் வறுவல், அப்புறம் டீ, மொத்தம் ஒரு கட்டு மெலாறுல முக்கால்தான் ஆச்சு. "விஞ்ஞானி"ன்ற பேரு மட்டும் மாறல, ஆனா இப்ப கொஞ்சம் மரியாதையா கூப்டுறானுங்க.

ஒரு சின்ன பிரச்சன. உள்ள இருக்குற பால் பவுடர் டப்பால முட்டி வளையுற எடத்துல ரெண்டு ஊசி ஓட்ட விழுந்திருக்கு, சாம்பல் லேசா கொட்டுது. ஆறாவது தடவதான் எரிக்குறேன்.

மூலக்கடை_வெல்டர்

அது அப்படித்தான், டப்பா தகரம் மெல்லிசு, அந்த சூட்டுல துருவாவே உதுந்துடும். இத பழகுறதுக்கு செஞ்சதுன்னு வச்சிக்கோ. அடுத்து ஸ்டெயின்லெஸ் பைப்பு போடு.

ஈயம்பித்தளை

ப்ரோ ஸ்டெயின்லெஸ் சைலென்சர் பைப்பு 4 இன்ச்ல ஒரு துண்டு நேத்துதான் வந்துது, ஒன்றரை அடி இருக்கும். ஜிஐ இல்ல, காந்தம் வச்சு காட்டுறேன்.

மூலக்கடை_வெல்டர்

காந்தத்த நம்பாத, சில ஸ்டெயின்லெஸ்ஸும் ஒட்டும், ஜிஐ எப்பவும் ஒட்டும். வாங்கினு நேரா என் பட்டறைக்கு வா, ஓரத்துல கிரைண்டர் வச்சு பொறிய பாத்து சொல்றேன். முட்டி நானே அடிச்சு தரேன். இந்த தடவயாவது கிளவுஸோட வா.

தண்டையார்பேட்ட_பையன்

புதன்கெழம சாயந்தரம் வரேண்ணே. கிளவுஸ் வாங்கிட்டேன்.